வ.உ.சி. வீட்டுப் பந்தி

செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், நல்லதுதான். அதே செப்டம்பர் 5-ஆம் நாளில்தான், 1872-ஆம் ஆண்டு, ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரம் பிள்ளை பிறந்தார். கப்பலோட்டிய தமிழன் என்று நாடு போற்றும் வ.உ.சி. பிறந்த நாளும் ஆசிரியர்களைப் போற்றும் நாளும் ஒன்றாக வருகிறதே, இதில் ஏதும் பொருத்தம் உண்டா என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டு. உண்டு என்றே சொல்லுவோம்.

கப்பலைப் பற்றிப் பேசியிருக்கிறோம். செக்கைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மேடைக்கு மேடை பேசியிருக்கிறோம். ஆனால் அவர் வீட்டு அடுக்களையைப் பற்றி, அங்கே போட்ட இலையைப் பற்றி, அந்த இலையில் யார் உட்கார்ந்தார் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம். ஏன் இன்றைக்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்லுகிறோம்.

முத்துக்கரையில் ஒரு மாணவன்

தூத்துக்குடி எப்படிப்பட்ட ஊர் என்பது அங்கே மூட்டை தூக்கிய தோழனுக்குத் தெரியும். உப்பளத்தில் கால் வெந்த தோழனுக்குத் தெரியும். கடற்கரையில் பரதவர். 400 ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கர். பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5-இல் திருவிழா என்றால் சிலுவை அணிந்தவர் மட்டுமா வருகிறார்? நெற்றியில் நீறு பூசியவரும் வருகிறார். தெற்கே காயல்பட்டினம், கப்பல் வணிகத்தில் பேர்போன முஸ்லிம் ஊர். கடைத்தெருவில் நாடார், செட்டியார், பிள்ளைமார். ஆலையிலும் துறைமுகத்திலும் இன்னார்தான் என்றில்லாமல் எல்லாரும்.

முத்துக் குளித்த காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போனவனுடைய உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. கீழே போனவன் கயிற்றை அசைத்தால், மேலே நின்றவன் இழுக்க வேண்டும். ஒருவன் கண் அயர்ந்தால் மற்றவன் பிணம். ஒருவனை நம்பி ஒருவன் வாழ வேண்டும் என்ற பாடத்தை அந்தக் கடற்கரைக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒட்டப்பிடாரத்துப் பையன் படிக்க வந்தான். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். வீடு சைவ வீடு. ஊரில் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் எழுத்துப் படித்தான். பிறகு தூத்துக்குடியில் சேவியர் பள்ளி; கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்தியது. அடுத்து கால்டுவெல் பள்ளி. அது புராட்டஸ்டண்ட் சபையாருடையது. பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளி. சைவப் பிள்ளை ஒருவன் மூன்று வேறு கூரைகளின் கீழ் படித்தான். அதனால் சைவத்தை விட்டுவிட்டானா? இல்லை. கடைசிக் காலத்தில், 1935-இல், சிவஞானபோதத்துக்கு உரை எழுதி வெளியிட்டவர் அவர். தம்முடையதை விடாமலே பிறருடையதை மதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இலை போட்டது யாருக்கு?

1895-இல் வழக்கறிஞரானார். ஒட்டப்பிடாரத்தில் தொழில். ஏழைக்காக வாதாடுவார், கூலி வாங்காமலும் வாதாடுவார். போலீசுக்காரர் பொய் வழக்கு ஜோடித்தால் நீதிமன்றத்தில் அதைக் கிழித்துக் காட்டுவார். அந்த ஆண்டிலேயே திருமணம். மனைவி வள்ளியம்மை.

இந்த வீட்டுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். ராமையா தேசிகர் என்று பெயர். துறவி. கண் பார்வை கிடையாது. தாழ்ந்த குலம் என்று ஊர் ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர். வ.உ.சி. அவரைத் திண்ணையோடு நிறுத்தவில்லை. வீட்டுக்குள் அழைத்து வந்தார். தம்மோடு தங்க வைத்தார்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் அவை. வேளாளர் தெரு. தெருவில் நடக்கவே கூடாது என்று சிலரை விலக்கி வைத்திருந்த காலம். அந்தக் காலத்தில் வீட்டு நடுவே இலை! ஊர் சும்மா இருக்குமா? உறவு முகம் சுளித்தது. சாதிக்காரர்கள் பழித்தார்கள். வக்கீல் வீட்டில் ஆசாரம் போயிற்று என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் வள்ளியம்மையாரை நினைக்க வேண்டும். வெளியே புரட்சி பேசிவிட்டு வந்துவிடலாம். அடுக்களையில் சோறு பரிமாறுகிறவர் முகம் கோணினால் எல்லாம் பாழ். விருந்தாளி கண் தெரியாதவர். இலையில் என்ன எங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பரிமாற வேண்டும். அந்த அம்மையார் பரிமாறினார். ஊர் பழித்தபோதும் பின்வாங்கவில்லை. ஞானிக்குச் சாதி பார்ப்பது தகாது என்று கணவர் பக்கம் நின்றார். கணவர் மேடையில் ஏறிப் பெயர் வாங்குவதற்கு முன்பே, மனைவி அடுக்களையில் அந்தப் போரை முடித்துவிட்டார். நெடுநாள் வாழவில்லை, இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். பிற்காலத்தில் வ.உ.சி. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இந்த அம்மையாரை மறக்கவில்லை. பின்னர் அவர் மணந்தவர் மீனாட்சி அம்மாள். கணவர் சிறையில் கிடந்த ஆண்டுகளில் பிள்ளைகளைக் கட்டிக் காத்தவர்.

தோழர்களே, ஒன்று சொல்லுகிறோம். ராமையா தேசிகருக்கும் வ.உ.சி.க்கும் இரண்டு வகையில் வேறுபாடு இருந்தது. ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குத் தெரியும். இது உண்மையான வேறுபாடு. அதை மதித்து, அதற்கு வேண்டிய உதவியைச் செய்ய வேண்டும். இன்னொன்று, ஒருவர் தாழ்ந்தவர், மற்றவர் உயர்ந்தவர் என்றது. இது வேறுபாடு அல்ல. மனிதன் செய்த பொய். இதை மதிக்கக் கூடாது, ஒழிக்க வேண்டும். கண் தெரியாதவருக்குக் கை கொடுத்தார்கள். சாதிப் பொய்யைக் காலால் தள்ளினார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் அந்த வீட்டின் பெருமை. பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதும் இதுவேதான்: வேற்றுமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு.

ஒரே ஏட்டில் எல்லாப் பெயரும்

1900-இல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். பிறகு நடந்ததை நாடறியும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர் கம்பெனியின் கப்பல் மட்டுமே ஓடிய காலம். 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. அந்தப் பங்கு ஏட்டைப் பாருங்கள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். சட்ட ஆலோசகர் சேலம் விஜயராகவாச்சாரியார். ஓடி ஆடி உழைத்தவர் சிதம்பரம் பிள்ளை. தேவர், முஸ்லிம், ஐயங்கார், பிள்ளை. ஒரே ஏடு, ஒரே கப்பல். இந்தியர் மட்டுமல்ல, இலங்கை மக்களும் மற்ற ஆசிய மக்களும் பங்கு வாங்கலாம் என்று விதி வைத்தார்கள்.

காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இலவசம் என்றது, ஏறுகிறவனுக்குக் குடையும் கொடுத்தது. இந்தக் கதையை நாம் பல முறை சொல்லியிருக்கிறோம், மேலே போவோம்.

ஆலை வாயிலில்

1908 பிப்ரவரி 27. கோரல் ஆலை. தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். விடிவதற்குள் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வரும் வேலை. ஓய்வு நாள் இல்லை. கூலியோ அற்பம். ஒன்பது வயதுப் பிள்ளையை ஆலை வேலைக்கு வைக்கலாம் என்று சட்டமே சொன்ன காலம். எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை என்று இயந்திரம் கேட்டதா? எல்லாப் பிள்ளையின் இரத்தத்தையும் ஒரே மாதிரிதான் உறிஞ்சியது.

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஊரில் நிதி திரட்டினார்கள். ஒன்பது நாளில் முதலாளி இறங்கி வந்தான். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை வந்தது. இந்த வெற்றி வெள்ளை அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. மார்ச் 12-இல் இருவரையும் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளி வேலையை விட்டான். குதிரை வண்டிக்காரன் வண்டியை நிறுத்தினான். நாவிதர் கத்தியை வைத்தார். நகரத்தைக் கூட்டுகிறவர் துடைப்பத்தை வைத்தார். கூலி உயர்வுக்காக அல்ல, ஒரு தலைவனைச் சிறையிட்டதற்காக! யார் எந்தச் சாதி என்று கணக்குப் பார்த்திருந்தால் ஒரு கடையடைப்பாவது நடந்திருக்குமா?

சோறு போட்டது குற்றம்

வழக்கு நடந்தது. 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னான். அரச நிந்தனைக்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னும் 20 ஆண்டு. சிவா யார்? வத்தலக்குண்டிலிருந்து வந்த பிராமண இளைஞர். தூத்துக்குடிக்கு வந்தவரைத் தம் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டவர் வ.உ.சி. அந்தச் சோற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தண்டனை! முன்னே தாழ்ந்த சாதி என்று ஒதுக்கிய தேசிகருக்கு இலை போட்டதற்கு ஊர் பழித்தது. பின்னே பிராமணச் சிவாவுக்கு இலை போட்டதற்கு அரசு தண்டித்தது. அவரோ இரண்டு இலையையும் எடுக்கவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறை, கண்ணனூர்ச் சிறை. மாடு இழுக்கும் செக்கை வழக்கறிஞர் இழுத்தார். தோல் உரிந்தது, உடல் தேய்ந்தது. அந்தச் சிறையில் இருந்துகொண்டு அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலைத் தமிழாக்கினார். அது மனம்போல வாழ்வு என்ற பெயரில் 1909-இல் வெளிவந்தது. தம்மைச் செக்கில் பூட்டியவன் ஆங்கிலேயன். தமக்கு நல்லறிவு சொன்னவரும் ஆங்கிலேயர். முன்னவனுடைய ஆட்சியை எதிர்த்தார். பின்னவருடைய அறிவை ஏற்றார். ஒரு கூட்டத்தாரையே வெறுப்பது எளிது. எதை எதிர்ப்பது, யாரை மதிப்பது என்று பகுத்தறிவது கடினம். கடினமானதைச் செய்தார்.

சிவாவின் நிலை இன்னும் கொடுமை. சிறையில் தொழுநோய் பற்றியது. நோயைக் காட்டி இரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். நோய் வந்தவரை ஒதுக்குவதும் ஒரு தீண்டாமைதான். வகுப்பில் உடம்பு சரியில்லாத பிள்ளையை, திக்கிப் பேசுகிற பிள்ளையை, கால் ஊனமான பிள்ளையைக் கேலி செய்யும் நம் வீட்டுப் பிள்ளைக்கு சிவாவின் கதையைச் சொல்லுங்கள்.

சிறை மீண்ட பிறகும்

1912 டிசம்பர் 24-இல் விடுதலை. வரவேற்கக் கூட்டம் இல்லை. கம்பெனி முன்னமே கலைந்துபோயிற்று. கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றிருந்தார்கள். வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். சென்னையில் அரிசி விற்றார், எண்ணெய் விற்றார். வறுமை வாட்டியது. 1914-இல் மெய்யறம் வெளியிட்டார். அந்த நூலுக்கு அரசியலிலிருந்து தொடங்கவில்லை, மாணவரியலிலிருந்து தொடங்கினார். நாட்டைத் திருத்த வேண்டுமானால் சின்னப் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

அந்த வறுமையிலும் பந்தி சுருங்கவில்லை. சகஜானந்தர் என்ற இளந்துறவி வந்தார். ஆரணிப் பக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பத்தில் 1890-இல் பிறந்தவர். அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார் வ.உ.சி.; தமிழ் இலக்கணமும் குறளும் கற்றுக் கொடுத்தார். தமக்கே சோற்றுக்குத் திண்டாட்டம். ஆயினும் இலையும் ஏடும் பகிர்ந்தார். அந்தச் சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நடத்தத் தொடங்கினார். கோயிலுக்குள் வராதே என்று தடுத்த ஊரில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளி! 1959-இல் மறையும் வரை அந்தப் பணியே உயிராக இருந்தார். சட்டமன்றத்திலும் பல்லாண்டு அமர்ந்தார். ஒரு வீட்டில் போட்ட இலை ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துணையாக நின்றது என்றால் மிகையாகுமா?

இன்னொன்று. பறிபோன உரிமத்தைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. ஒரு வெள்ளை நீதிபதி 40 ஆண்டு கொடுத்தான். இன்னொரு வெள்ளை நீதிபதி வாழ வழி கொடுத்தார். வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமோ? தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வாலஸ் என்ற பெயரைத் தமிழாக்கி வைத்த பெயர் அது. அந்த வீட்டில் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு நன்றி ஒலித்தது, வெறுப்பு ஒலிக்கவில்லை. வெள்ளையனை எதிர்த்துச் செக்கிழுத்தவர் வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரர் ஒருவர் பெயரைத் தாங்கி வளர்ந்தான். பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கும்?

கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். கடைசியில் தூத்துக்குடிக்கே வந்தார். 1936 நவம்பர் 18-இல் கண் மூடினார்.

இன்று ஏன் சொல்லுகிறோம்?

இனி, முதலில் சொன்ன காரணத்துக்கு வருவோம்.

1986-இல் திருநெல்வேலியைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மனோடு நின்று, வெள்ளையனை எதிர்த்து மடிந்த வீரன் அவர். ஒடுக்கப்பட்ட மக்களில் பிறந்தவர் என்பதற்காக, அவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. சுந்தரலிங்கம் பெயரும் போயிற்று. சிதம்பரனார் பெயரும் போயிற்று. ஒரே மண்ணில் பிறந்து ஒரே பகைவனை எதிர்த்த இரண்டு பேர் பெயரையும் சாதி சேர்த்து விழுங்கியது. துறைமுகத்துக்கு 2011-இல் சிதம்பரனார் பெயர் வந்தது என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

அதோடு நின்றதா? பள்ளிப் பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறு. இன்ன வண்ணம் இன்ன சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு மாணவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. 2025 மார்ச்சில், நம் தூத்துக்குடி மாவட்டத்துத் திருவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போன மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. வெட்டியவர்களும் பிள்ளைகள்! பதினாறு பதினேழு வயதில் அரிவாளைப் பிடிக்கும் கை, ஆறு ஏழு வயதில் எதைப் பிடித்து வளர்ந்தது? யார் வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்று கேட்டு வளர்ந்தது? எந்தத் தெருப் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்தது? இதைச் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றவர்கள், பாட்டன்மார், மாமன்மார்!

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம். வண்ணக் கயிறு வேண்டாம். அகர வரிசையில் பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றெல்லாம் அது சொல்லியது. அகர வரிசை! எவ்வளவு சிறிய காரியம். எவ்வளவு பெரிய மாற்றம்! அ என்று தொடங்கும் பெயருக்கு எந்தத் தெரு என்று அகராதி கேட்பதில்லை. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும், செய்ய வைப்போம். ஆனால் பிள்ளை பள்ளியில் ஆறு மணி நேரம்தான் இருக்கிறான்; மற்ற நேரம் நம்மிடம் இருக்கிறான்.

தோழர்களே! சங்கக் கொடியின் கீழ் நாம் எல்லாரும் ஒன்று. ஆலை வாயிலில் ஒன்று. துறைமுகத்தில் ஒன்று. சிறையிலும் ஒன்று. நம் வீட்டுப் பந்தியில்? கூட மூட்டை தூக்குகிற தோழன் உங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான்? அவன் வீட்டில் உங்கள் பிள்ளை ஒரு வாய் சோறு தின்றிருக்கிறானா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு மேடை ஏறுவோம்.

வ.உ.சி. படத்தைச் சாதிச் சங்கத்துப் பலகையில் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு எரிகிறது. தேசிகருக்கு இலை போட்டவரை, சகஜானந்தருக்கு ஏடு கொடுத்தவரை, வாலஸ் பெயரை மகனுக்கு வைத்தவரை ஒரு சாதிப் பலகையில் அடைப்பதா? வெள்ளையன் அடைத்த சிறைக்காவது விடுதலை நாள் இருந்தது. இந்தச் சிறையிலிருந்து அவரை யார் மீட்பது? நாம்தான்.

பிள்ளை கையில் கயிறு இருந்தால், அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள். முத்துக் குளித்தவன் உயிரைக் காத்த கயிற்றின் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றுக்கு வண்ணம் இல்லை. இந்தக் கயிற்றுக்கு உயிர் காக்கத் தெரியாது என்று சொல்லுங்கள். அவனே அவிழ்த்துவிடுவான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவனோடு படிக்கிற, வேறு தெருப் பிள்ளை ஒருவனைச் சாப்பிட அழைத்துவரச் சொல்லுங்கள். இலை போடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே 1908-இல் நம் முன்னோர் எல்லாரும் ஒன்றாக நின்று வாங்கியது அல்லவா?